திட்டம் ஊருக்குள் வரும்போது: தெருவா, கோர்ட்டா, கிராம சபையா, ஓட்டா?

ஊர் மக்கள் வேண்டாம் என்று நினைக்கும் ஒரு திட்டம் வருகிறது. சுரங்கமாக இருக்கலாம், ரசாயன ஆலையாக இருக்கலாம், விமான நிலையமாக இருக்கலாம். கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூட மைதானத்திலோ முதல் கூட்டம் கூடும். அதில் நாலு யோசனை கட்டாயம் வரும். ரோட்டில் உட்காருவோம் என்பார்கள் இளைஞர்கள். ஐகோர்ட்டில் கேஸ் போடுவோம் என்பார் வக்கீலைத் தெரிந்தவர். கிராம சபையில் தீர்மானம் போட்டால் போதும் என்பார் பழைய வார்டு மெம்பர். தேர்தல் வரட்டும், அப்போது காட்டுவோம் என்பார் இன்னொருவர்.

நாலையும் ஒரே நேரத்தில் செய்தால் என்ன என்று தோன்றும். கடைசியில் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். ஆனால் ஊரிடம் இருக்கும் காசு கொஞ்சம், வேலையை விட்டுவிட்டு வரக்கூடியவர்கள் கொஞ்சம், கெடு தேதிகள் யாருக்காகவும் நிற்பதில்லை. எதை முதலில் எடுப்பது, எதை அப்புறம் வைத்துக்கொள்வது என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுக்கு உதவியாக, இந்த நாலு வழிகளும் ஜெயித்த இடங்களையும் தோற்ற இடங்களையும் இங்கே பார்க்கலாம்.

முதலில் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் திட்டத்தை நிறுத்தும் கையெழுத்து யாருடையது? கலெக்டரா, மாநில அரசா, டெல்லியா? வேலை எவ்வளவு தூரம் போயிருக்கிறது? வெறும் அறிவிப்புதானா, நிலம் எடுத்தாகிவிட்டதா, கட்டடமே எழும்பிவிட்டதா? கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறார்களா, அவர்களுக்குள் விரிசல் இருக்கிறதா?

என்னைக் கேட்டால் இந்த மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும்விடப் பெரியது. ஒரே மாதிரி உறுதியுடன் போராடிய இரண்டு ஊர்களில் ஒன்று ஜெயித்து இன்னொன்று இழுபட்டுக்கொண்டிருந்தால், பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொள்ளப் பெரிய செலவில்லை. தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய். சுற்றுச்சூழல் அனுமதி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது உட்கார்ந்து பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

தெரு

மதுரை மாவட்டம் மேலூரில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து நடந்த போராட்டத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு திட்டத்தை எதிர்த்து மக்கள் இவ்வளவு வேகமாக ஜெயித்தது தமிழ்நாட்டில் அபூர்வம்.

2023இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி பகுதிக்கான ஏலத்தில் ஹிந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வானது. பரப்பு சுமார் 2,015 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 5,000 ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டியும் வந்தது. பிராமிக் கல்வெட்டும் சமணர் படுகையும் பாண்டியர் குடைவரைக் கோயிலும் இருக்கிற ஊர் அது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022இல்தான் அரசே அறிவித்திருந்தது.

அந்த மாதமே கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் வந்தன. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. டிசம்பர் கடைசியில் டெல்லியிலிருந்து ஒரு சமாதானம் வந்தது: பல்லுயிர்த் தலத்தை விட்டுவிட்டு எல்லையை மாற்றி வரையலாமா என்று ஆராய்வோம் என்றார்கள். அந்தத் தலம் 200 ஹெக்டேருக்கும் குறைவு. அதை மட்டும் விட்டால் மீதி அப்படியே சுரங்கத்துக்குப் போகும். மக்கள் அந்தப் பேச்சுக்குப் பிடிகொடுக்கவில்லை. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கி நடந்தார்கள். கடைகள் அடைக்கப்பட்டன. அவர்கள் போக நினைத்த இடம் தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம். கலெக்டர் ஆபீஸுக்குப் போவதுதான் நம் வழக்கம். ஆனால் இங்கே கையெழுத்து டெல்லியினுடையது, தபால் நிலையமோ மத்திய அரசு அலுவலகம். யாரிடம் கேட்க வேண்டும் என்பதில் அந்த மக்களுக்கு அவ்வளவு தெளிவு. ஜனவரி 22ஆம் தேதி ஊர்த் தலைவர்களான அம்பலகாரர்கள் டெல்லி போய்ச் சுரங்கத்துறை அமைச்சரைப் பார்த்தார்கள். மறுநாள் ஏலம் ரத்தானது.

மூன்று மாதத்துக்குள் முடிந்ததற்கு மக்கள் உறுதி ஒரு காரணம். திட்டம் வெறும் ஏலக் காகிதமாகவே இருந்தது இன்னொரு காரணம். ஒரு இயந்திரம்கூட இறங்கியிருக்கவில்லை. மாநிலத்தில் ஒரு கட்சி, மத்தியில் அதற்கு எதிர்க்கட்சி, பழி தன் மேல் விழுவதை இருவரும் விரும்பவில்லை. அந்த இடைவெளியில் மக்கள் நுழைந்தார்கள்.

இப்போது கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பார்ப்போம். 1988இல் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பசேவும் கையெழுத்துப் போட்ட திட்டம். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தபோது, இங்கே முதல் உலை ஏறக்குறையக் கட்டி முடிந்திருந்தது. இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பெண்கள் பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்துக்கொண்டே உண்ணாவிரதத்தில் இருந்தார்கள். பிழைப்பும் போராட்டமும் ஒரே பந்தலில் நடந்தது. அந்த மக்களின் உறுதியில் யாரும் குறை சொல்ல முடியாது.

அங்கேயும் ஒரு விரிசல் இருந்தது, ஆறு மாதத்துக்கு. 2011 செப்டம்பரில், மக்கள் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்துங்கள் என்று தமிழக அமைச்சரவையே டெல்லிக்குத் தீர்மானம் அனுப்பியது. 2012 மார்ச் 18 சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மறுநாள், மார்ச் 19, அதே அமைச்சரவை வேலையைத் தொடரலாம் என்றது. மாநிலம் முழுக்க மின்வெட்டு வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. மற்ற மாவட்டத்து மக்களின் அனுதாபம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு கையெழுத்தும் ஒரே பக்கம் சேர்ந்தபின் தெருவின் பலம் பாதியானது. செப்டம்பரில் கடற்கரையில் தடியடி நடந்தது, மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார், ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகம் உள்ளிட்ட வழக்குகள் பாய்ந்தன. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலையை இயக்கலாம் என்றது. ஜூலையில் உலை ஓடத் தொடங்கியது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தெருவுக்கு வயது உண்டு என்று தெரிகிறது. திட்டம் காகிதத்தில் இருக்கும்போது தெரு வலுவான ஆயுதம். கான்கிரீட் ஊற்றியபின் அதே கூட்டத்துக்குப் பலன் குறைவு, அபாயம் அதிகம்.

தூத்துக்குடியைப் பற்றிப் பேசும்போது இதைத் தந்திரக் கணக்காகப் பேச மனம் ஒப்பவில்லை. 2018 மே 22, போராட்டத்தின் நூறாவது நாள், கலெக்டர் அலுவலகம் நோக்கி வந்தவர்கள் மீதும், மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 28ஆம் தேதி ஸ்டெர்லைட் தாமிர ஆலையை நிரந்தரமாக மூட அரசாணை வந்தது. தெரு ஜெயித்தது என்று அதைச் சொன்னால், அந்த ஜெயத்துக்குக் கொடுத்த விலையை எந்த ஊரும் திட்டமிட்டுக் கொடுக்கக் கூடாது. துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. பெரிய ஊர்வலம் முடிவு செய்யும் கூட்டத்தில், எந்தப் பாதை, எங்கே நிற்பது, தடை உத்தரவு எந்தப் பகுதிக்கு, யார் போலீஸோடு பேசுவது, யார் கூட்டத்தைத் திருப்பிக் கூட்டி வருவது என்பதையெல்லாம் முடிக்காமல் தேதி குறிக்காதீர்கள். முக்கியமாக அந்தக் கடைசிக் கேள்வியை.

கோர்ட்

கோர்ட்டை நம்பாதே என்று ஒரு சாரார் சொல்வார்கள், கோர்ட் மட்டும்தான் கதி என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். ஸ்டெர்லைட் வழக்கின் தேதிகளைப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. 1990களில் போட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் 2010 செப்டம்பர் 28ஆம் தேதி ஆலையை மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் உடனே தடை கொடுத்தது. 2013 ஏப்ரல் 2ஆம் தேதி, 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லிவிட்டு ஆலையை ஓட விட்டது. 2018இல் அரசாணையால் மூடியபின், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறக்கலாம் என்றது. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் மூடியது சரி என்றது. 2024 பிப்ரவரி 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஒரு தலைமுறைக் காலம். பச்சைக் குழந்தையாக இருந்தவர்கள் ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

கம்பெனியிடம் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் தீராது. உங்களிடம் தீரும். அதனால் கோர்ட்டை முதல் ஆயுதமாக எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் கேடயமாக அதைவிட நல்லது வேறு இல்லை. சென்னை-சேலம் எட்டுவழிச் சாலையில் நடந்தது அதுதான். 277 கிலோமீட்டர் சாலைக்கு 2018இல் நிலத்தை அளக்க வந்தபோது விவசாயிகள் வயலில் அழுததை எல்லோரும் பார்த்தோம். 2019 ஏப்ரல் 8ஆம் தேதி உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்தைத் தொடர வழி திறந்துவிட்டது. காகிதத்தில் பார்த்தால் மக்கள் கடைசியில் தோற்றார்கள். ஆனால் இடையில் கிடைத்த இருபது மாதத்தில் அந்தச் சாலை அரசியல் கட்சிகளுக்குக் கசந்துபோனது. சாலை போடப்படவில்லை. கோர்ட் வாங்கித் தந்தது அவகாசம், அந்த அவகாசத்தை ஊர்கள் வீணாக்கவில்லை.

கோர்ட்டில் ஜெயித்தாலும் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ அதைப் புரட்டிவிட முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. நாகப்பட்டினம் கடலோரத்து இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. எவ்வளவு பெரிய தீர்ப்பு! 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து பண்ணைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டது.

கோர்ட் விஷயத்தில் ஊர்கள் அடிக்கடி கோட்டை விடுவது கெடு தேதியில். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் சொன்னால் இன்னும் 60 நாள் தரலாம். அவ்வளவுதான். 91ஆம் நாள் போனால், உங்கள் தரப்பில் எவ்வளவு நியாயம் இருந்தாலும் மனுவையே எடுக்க மாட்டார்கள். அனுமதி கிடைத்ததைக் கம்பெனி நாளிதழில் விளம்பரம் செய்தாக வேண்டும். அந்த விளம்பரம் ஒரு மூலையில் சின்னதாக வரும். அதைத் தேடுவதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். தெருவில் நூறு பேர் உட்கார்வதற்குச் சமமான வேலை அது.

கிராம சபை

தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. செலவில்லாத வழி, கைது பயம் இல்லாத வழி, வயதானவர்களும் பெண்களும் தயங்காமல் வரக்கூடிய வழி. ஆனால் இதன் அதிகாரம் எவ்வளவு என்பதில் பலருக்குத் தவறான நம்பிக்கை இருக்கிறது.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் ஒடிசாவின் நியம்கிரி. பாக்சைட் சுரங்கத்துக்கு எதிராக டோங்ரியா கோந்து பழங்குடி மக்கள் போராடினார்கள். 2013 ஏப்ரல் 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம், முடிவைக் கிராம சபைகளே எடுக்கட்டும் என்றது. அந்த ஜூலை, ஆகஸ்டில் மலையின் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதியை மறுத்தது. மெய்சிலிர்க்க வைக்கும் செய்திதான். ஆனால் அங்கே கிராம சபைக்கு வலு கொடுத்தது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். பழங்குடிகளுக்கு வனத்தின் மீதும் வழிபாட்டின் மீதும் உள்ள உரிமையைச் சொல்லும் சட்டம் அது.

காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரம் மக்களுக்கு அந்தச் சட்டம் துணைக்கு வரவில்லை. பரந்தூர் விமான நிலையம் 2022இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து, வேலை முடித்துவிட்டு மாலையில் கூடிப் போராடினார்கள், வருடக்கணக்கில். கிராம சபைக்குக் கிராம சபை எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தார்கள். இருந்தும் நில எடுப்பு நகர்ந்துகொண்டேதான் இருந்தது. மாநில அரசும் வேண்டும் என்றது, மத்திய அரசும் வேண்டும் என்றது. இதில் இன்னொரு சட்டச் சிக்கலும் உண்டு. 2013 நில எடுப்புச் சட்டத்தில் தனியார் திட்டத்துக்கு நிலம் இழக்கும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம், அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதம் என்று இருக்கிறது. தமிழ்நாடு தன் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம், நெடுஞ்சாலைச் சட்டம் ஆகியவற்றை அந்த நிபந்தனையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. சம்மதம் கேட்கவே வேண்டாத இடத்தில், சம்மதம் இல்லை என்ற தீர்மானத்தைப் படிக்க யாருக்கு அவசரம்?

அப்படியானால் தீர்மானம் வீணா? இல்லை. கோர்ட்டில் அது சாட்சி, பத்திரிகையில் அது செய்தி, ஊருக்குள் அது ஒற்றுமையின் அத்தாட்சி. மேலூரில் முதல் அடி அதுதான். ஆனால் பதிவேட்டில் தீர்மானம் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். "விவாதிக்கப்பட்டது" என்று எழுதுவதற்கும் "எதிர்த்து ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம். எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டு, நகல் வாங்கிக்கொண்டு அப்புறம் கலையுங்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் இதே விதிதான். மேடையில் கோபமாகப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தால் பதிவில் ஒன்றும் இருக்காது. எழுத்தில் கொடுத்த ஆட்சேபத்துக்குத்தான் பின்னால் உயிர்.

கேரளத்துப் பிளாச்சிமடாவில் ஊராட்சிக்குக் கொஞ்சம் கூடுதல் பல் இருந்தது. அங்கே கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுவதை எதிர்த்து, மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு பெருமாட்டி ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மேல்முறையீட்டில் 2005இல் உயர் நீதிமன்றம் ஊராட்சிக்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகும் ஆலை மறுபடி நிலையாக ஓடவில்லை. உரிமம் என்ற ஒரு கையெழுத்து ஊராட்சியிடம் இருந்தது, அதை ஊராட்சி ஆயுதமாகப் பயன்படுத்தியது. உங்கள் ஊராட்சியின் கையில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள்.

ஓட்டு

இதில் அதிகம் சொல்ல இல்லை. போராட்டக்காரர்களே தேர்தலில் நிற்பது பெரும்பாலும் கைகொடுக்கவில்லை. கூடங்குளம் போராட்டத்தின் முகமாக இருந்த சுப.உதயகுமார் 2014இல் கன்னியாகுமரியில் நின்று தோற்றார். கட்சிகளிடம் வாக்குறுதி வாங்குவது பலிக்கும். 1992இல் ஆந்திரத்து நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில், எழுத்தறிவு இயக்க வகுப்பில் சேர்ந்த பெண்கள் சாராயத்தால் குடும்பம் சீரழிவதைப் பற்றிப் பேசத் தொடங்கி, ரோசம்மா முன்னால் நிற்கச் சாராயக் கடையையே மூட வைத்தார்கள். அது மாவட்டம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் மாநிலமே சாராயத்தைத் தடை செய்தது. 1994 தேர்தலில் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்கு என்று வாக்குக் கொடுத்து ஜெயித்தார், 1995 ஜனவரியில் அமலுக்கும் கொண்டுவந்தார். 1997இல் அது தளர்த்தப்பட்டது. ஓட்டால் வந்தது ஓட்டு மறந்தபோது போய்விட்டது. தேர்தலுக்கு முன்பு வாங்கும் வாக்குறுதி, தேர்தலுக்கு முன்பே அரசாணையாக மாறினால்தான் கணக்கு. சங்கரன்கோவிலின் மறுநாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

தானாகச் சேர்ந்த கூட்டமா, அமைப்பா?

நாலு வழிகளில் எதை எடுத்தாலும் அதை நடத்துவது யார் என்ற முடிவு இருக்கிறது. இளைஞர்களோடு நான் அதிகம் வாதாடுவது இதில்தான்.

2017 ஜனவரி 17இலிருந்து ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் நடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அலங்காநல்லூரில் கைது நடந்த செய்தி பரவி, கட்சியும் தலைவரும் இல்லாமல் லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். இரவில் செல்போன் வெளிச்சம், குப்பையைத் தாங்களே பொறுக்கிய பிள்ளைகள், பயமில்லாமல் நின்ற பெண்கள். ஜனவரி 21 அவசரச் சட்டம், 23 சட்டமன்றத்தில் மசோதா. ஒரு வாரத்தில் கேட்டது கிடைத்தது. அதைப் பார்த்து, தலைவர் இல்லாமல் இருப்பதே சிறந்தது என்று ஒரு தலைமுறை முடிவு செய்துகொண்டது.

நான் அதில் இரண்டு விஷயம் பார்க்கிறேன். ஜல்லிக்கட்டில் மாநில அரசு மக்கள் பக்கமே இருந்தது. எதிரே பணம் போட்ட கம்பெனி எதுவும் இல்லை. எல்லாப் போராட்டமும் அப்படி அமையாது. இரண்டாவது, 21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தபோது, இதை ஏற்கலாமா வேண்டாமா என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. சிலர் போனார்கள், சிலர் நிரந்தரச் சட்டம் வரட்டும் என்று இருந்தார்கள். 23ஆம் தேதி காலை போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. அடிபட்டவர்களில் பலர் போராட்டத்துக்கே வராத நடுக்குப்பம் மீனவர்கள். அவர்களுடைய மீன் சந்தை எரிந்தது. கூட்டத்தைச் சேர்க்கத் தலைவர் தேவைப்படவில்லை. கலைக்க ஒருவர் தேவைப்பட்டார்.

டெல்லி எல்லையில் விவசாயிகள் நடத்தியது வேறு விதம். 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தன. நவம்பர் 26ஆம் தேதி பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் சிங்கு, டிக்ரி எல்லைகளுக்கு வந்தார்கள். டிராக்டர் டிராலிக்கு மேலே தார்ப்பாய் கட்டி வீடாக்கினார்கள். லங்கர் எனும் சீக்கியர்களின் பொதுச் சமையல் நாள் முழுக்க நடந்தது. சங்கங்கள் எல்லாம் சேர்ந்து சம்யுக்த கிசான் மோர்ச்சா என்ற ஒரே மேடையில் முடிவெடுத்தன. ஊரில் அறுவடை என்றால் ஒரு தொகுதி போகும், இன்னொரு தொகுதி வரும்; ஆள் அனுப்பாத குடும்பத்துக்கு அபராதம் என்று பஞ்சாபில் சில ஊராட்சிகள் தீர்மானமே போட்டன. பேச்சுவார்த்தைக்கு விஞ்ஞான் பவனுக்குப் போன தலைவர்கள் அரசு கொடுத்த சாப்பாட்டைத் தொடாமல், லங்கரிலிருந்து வந்ததைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அமைப்பு எதற்கு என்பது 2021 ஜனவரியில் தெரிந்தது. உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்திவைத்துக் குழு அமைத்தது. அந்தக் குழுவின் முன் போக மாட்டோம் என்றார்கள். சட்டங்களை ஒன்றரை ஆண்டு தள்ளிவைக்கிறோம் என்று அரசு சொன்னது. கூடிப் பேசி மறுத்தார்கள். தானாகச் சேர்ந்த கூட்டம் இதில் ஏதாவது ஒன்றில் உடைந்திருக்கும். ஜனவரி 26 டிராக்டர் பேரணியில் சிலர் செங்கோட்டைக்குள் நுழைந்து, போராட்டத்தின் பெயர் கெட்டு, கூடாரங்கள் காலியாகத் தொடங்கியபோதும் மோர்ச்சா அந்தச் செயலிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டு மறுபடி ஆள் சேர்த்தது. 2021 நவம்பர் 19ஆம் தேதி, உத்தரப் பிரதேச, பஞ்சாப் தேர்தல்களுக்குச் சில மாதம் முன்னால், பிரதமர் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். இந்தக் காலத்தில் சுமார் 700 விவசாயிகள் இறந்தார்கள் என்பது மோர்ச்சாவின் கணக்கு.

அமைப்பு என்றதும் பொறுப்பும் பதவியும் நிலம் உள்ளவர்கள் கையில் போய்விடும் என்ற பயம் நியாயமானது. நில எடுப்பு என்றால் பட்டா வைத்திருப்பவருக்கு இழப்பீடு உண்டு. அந்த நிலத்தில் நாற்று நட்டுப் பிழைப்பவருக்குப் பெரும்பாலும் கையில் எதுவும் வராது. ஆனால் போராட்டக் கமிட்டியில் அவர் பெயர் இருக்காது, கூட்டம் நடக்கும் மண்டபத்துக்குள் அவரால் சரிசமமாக உட்கார முடியுமா என்பதே சில ஊர்களில் கேள்வி. காலனியை விட்டுவிட்டு நடக்கும் போராட்டத்தை உடைக்க அரசுக்கு அதிக சிரமம் தேவையில்லை. அதைவிட முக்கியம், அது நியாயமும் இல்லை. கமிட்டி போடும் முதல் நாளே கூலித் தொழிலாளர்களும் பெண்களும் அதில் பொறுப்போடு இருக்க வேண்டும், கூட்டம் எல்லோரும் வரக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும்.

எந்த ஊருக்கு எது

திட்டம் அறிவிப்பு அளவில் இருக்கிறது, மத்திய அரசும் மாநில அரசும் வேறு வேறு பக்கம் இழுக்கின்றன என்றால், தயங்காமல் தெரு. கிராம சபைத் தீர்மானத்தோடு தொடங்கி, கையெழுத்துப் போடுபவரின் வாசலுக்குப் போங்கள். நாள் கடத்தக் கூடாது. அந்த விரிசல் எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. பாதியை விட்டுத் தருகிறோம் என்று வந்தால் மேலூர்க்காரர்கள் செய்ததைச் செய்யுங்கள்.

இரண்டு அரசும் ஒரே பக்கம், நில எடுப்பு தொடங்கிவிட்டது என்றால், கோர்ட்டை முன்னால் வையுங்கள். அவகாசம் வாங்குவதே முதல் இலக்கு. தெருப் போராட்டத்தைச் சின்னதாக, நீண்டதாக, ஆள் மாற்றி ஆள் உட்காரும்படி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மாவட்டத்து மக்களுக்கு இதில் என்ன என்பதைச் சொல்லும் வேலையைத் தொடங்குங்கள்; கூடங்குளத்தில் விட்டுப்போனது அது.

ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், தண்ணீர், காற்று, மண் மாதிரிகளை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துத் தேதி வாரியாகச் சேருங்கள். உரிமம், மாசு வாரிய இசைவாணை புதுப்பிக்கும் தேதியைக் கண்டுபிடித்து அதை நோக்கி வேலை செய்யுங்கள். அங்கே வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன்களை எதிரியாக்காமல், அவர்களுக்கு வேறு வேலை என்ன என்ற பதிலோடு போங்கள். இது மூன்றிலும் கடினமானது, வருடக்கணக்கில் போகும்.

எந்த வழியானாலும் போலீஸ் வழக்கு வரும். மேலூர் ஊர்வலத்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் போட்டு, அப்புறம் அரசு வாபஸ் வாங்கியது. கூடங்குளத்தில் வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. பாஸ்போர்ட் எடுக்க முடியாமல் வெளிநாட்டு வேலையை இழந்த இளைஞர்கள் உண்டு. ஆகவே யார் மேல் எந்த ஸ்டேஷனில் எந்தப் பிரிவில் வழக்கு என்ற பட்டியலை முதல் நாளிலிருந்து ஒருவர் ஒரு நோட்டில் எழுதி வரட்டும், வழக்கு வாபஸ் என்பது கோரிக்கைகளில் ஒன்றாக இருக்கட்டும். டெல்லி எல்லையில் விவசாயிகள் பிரதமரின் அறிவிப்போடு வீட்டுக்குப் போகவில்லை. வழக்குகளைத் திரும்பப் பெறுவது உள்ளிட்ட உறுதிமொழிகளோடு அரசின் கடிதம் டிசம்பர் 9ஆம் தேதி கைக்கு வந்தபின்தான் தார்ப்பாயை அவிழ்த்தார்கள்.